விளக்கம் சாரும் கிழிந்த ஓரங்களும்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. பிரியமெல்லாம் அப்புறம் வரும். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வரிசை மாறவில்லை.

எங்கள் பக்கத்தில் அவருக்கு ‘விளக்கம் சார்’ என்று பெயர். நேரில் வெறும் சார், முதுகுக்குப் பின்னால் விளக்கம். எதைக் கேட்டாலும் விளக்குவார், கேட்காவிட்டாலும் விளக்குவார். பேசும்போது எதிரில் நிற்பவரின் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். பிடி லேசாகத்தான் இருக்கும், ஆனால் விடுபட முடியாது. பஸ் வந்துவிட்டது சார் என்றால், அடுத்த பஸ் எப்போது வரும், ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது, டிப்போவில் எப்படி டைம் போடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லித்தான் அனுப்புவார். நடுவில் யாராவது “சரி சார், புரிஞ்சிடுச்சு” என்றால் முகம் வாடிவிடும். “பாதி சொன்னா அது பொய் சொன்ன மாதிரிம்மா” என்பார். அதைக் கேட்டு நான் அப்போதெல்லாம் சிரித்திருக்கிறேன்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில், வேளச்சேரி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு டைப்ரைட்டர், பிறகு கடன் வாங்கிப் போட்ட ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும். வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த காலம் அது. விற்கிறவர், வாங்குகிறவர், பாங்க்கில் லோன் கேட்கிறவர் எல்லாரும் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். அதில் தாய்ப் பத்திரம் என்று ஒன்று இருக்கும். நிலம் முதன்முதலில் யார் கையில் இருந்தது என்று சொல்கிற பத்திரம். துணிப்பையில் மடித்து மடித்து வைத்து, மடிப்பில் விண்டு, ஓரத்தைப் பூச்சி தின்று, மூலை உதிர்ந்து வரும். கட்டாகத் தைத்திருப்பதால் மெஷினின் மூடியை முழுசாக மூடவும் முடியாது. நகல் எடுத்தால் கிழிந்த இடமெல்லாம் கன்னங்கரேலென்று விழும். பாங்க்கில் இது என்னம்மா கரி பூசின மாதிரி என்று திருப்பி அனுப்புவார்கள். நான் ஒயிட்னரும் கையுமாக உட்கார்ந்திருப்பேன்.

அவர் முதலில் வந்தது அப்படி ஒரு நாள்தான். ரேஷன் கார்டு நகலுக்காக வரிசையில் நின்றிருந்தார். அவருக்கு முன்னால் தலைவர் நின்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். தலைவர் என்றால் எங்கள் நகர் நலச் சங்கத்தின் தலைவர். அந்த ஊர்ப் பூர்வீகக் குடும்பம், நெல் போட்ட நிலத்தில் மனை போட்டு விற்கிறவர், வெள்ளை வேட்டிக்காரர்.

“இன்னாம்மா இது, என் பத்திரத்தக் கரியாக்கி வெச்சிகீற?”

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து தலைவரின் முழங்கையைப் பிடித்தது.

“அவங்க மேல தப்பில்லீங்க. வெளிச்சம் போய்க் காகிதத்துல பட்டுத் திரும்பி வரணும். காகிதமே இல்லாத எடத்துல எதுல பட்டுத் திரும்பும்? திரும்பலன்னா மெஷின் அத இருட்டுன்னு எடுத்துக்கும்.”

“அப்போ என் நெலத்தோட வடக்கு எல்லை இருட்டுல கீதுன்ற?”

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “நல்ல கேள்வி” என்றார். அந்தக் கரிபிடித்த நகலை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ரேஷன் கார்டை என் மேஜையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவருக்குத் தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. வெளிநாட்டு நூலகங்களின் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் கம்பெனி. அங்கேயும் இதே தலைவலிதான். கிழிந்த ஓரங்கள் கறுப்பாக விழ, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மவுஸை வைத்து அந்தக் கறுப்பை அழித்துக்கொண்டே இருப்பார்களாம். அழிக்கும்போது ஓரத்தில் இருக்கும் எழுத்தும் சேர்ந்து போய்விடும். அவருடைய மனைவி தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கடைக்கு வந்தால் ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு ஒரு பெருமூச்சு விடுவார். பகல் முழுக்கப் பேச்சைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அங்கே இன்னும் பேச்சு என்பார். ஆனால் அதைப் பெருமையாகத்தான் சொல்வார், அந்தக் காலத்தில்.

ஸ்கூட்டர் போன கதையைக்கூட அக்காதான் எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவன் இவரிடம், சார் இந்த வண்டியில லாக் எப்படி, நம்பலாமா என்று கேட்டிருக்கிறான். கேட்டது போதும். லாக்கை நம்பக்கூடாது என்பதை விளக்கி, ஹேண்டிலை எந்தப் பக்கம் எப்படி வெட்டித் திருப்பினால் திறந்துகொள்ளும் என்பதைச் செய்தும் காட்டியிருக்கிறார். அடுத்த வாரம் வாசலில் வண்டி இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு, “யார் மேலயாவது சந்தேகம் உண்டா” என்று கேட்டதற்கு, “சந்தேகமெல்லாம் இல்லீங்க, நான்தான் சொல்லிக் குடுத்தேன்” என்று ஆரம்பித்தாராம். ஏட்டு பேனாவை மூடி வைத்துவிட்டாராம்.

“நல்லா புரிஞ்சிருக்கு அவனுக்கு” என்று அவர் என்னிடம் சொன்னபோது முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. திருடு கொடுத்தவன் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. பிறகு பஸ்ஸில்தான் போனார். கண்டக்டருக்கு விளக்குவதற்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று.

கிழிந்த ஓரத்துக்கு அவர் வழி கண்டுபிடித்ததை என்னிடம்தான் முதலில் சொன்னார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, எனக்கு முன்னால் டீக்கடைக்காரர், பேப்பர் போடுகிறவர், பால் பூத் அம்மா எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. டீக்கு வைத்திருந்த பிஸ்கட்டை ஒரு கடி கடித்து என் முன்னால் நீட்டினார்.

“இதப் பாரு. முழுசா இருந்தப்ப இது எவ்ளோ பெரிசு, சொல்ல முடியுதா?”

“முடியுது சார்.”

“எப்படி முடியுது?”

“மிச்ச வளைவு இருக்குல்ல.”

“அவ்ளோதாம்மா. கடிச்ச எடத்தையே எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க. கடிக்காத எடத்தப் பாக்கணும்.”

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஒரு பக்கத்தில் எழுத்துவரிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில்தான் ஆரம்பிக்கின்றன. கிழிந்தது கிழிந்தபடி இருக்கட்டும், கிழியாத வரிகள் ஆரம்பிக்கும் இடங்களை வைத்து அந்தக் கோட்டை மெஷின் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கோடு தெரிந்தால் பக்கத்தின் பழைய ஓரம் எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும். அதற்கு வெளியே இருப்பதெல்லாம் வெறும் இருட்டு, அழித்துவிடலாம். உள்ளே இருப்பதில் கை வைக்கும்போது எழுத்தா இருட்டா என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். இதற்கு அவர் கணக்குப் போட்டிருந்தார். கணக்கையும் எனக்கு விளக்கினார். அது எனக்கு ஏறவில்லை, ஆனாலும் என் முழங்கை அவரிடம் இருந்தது.

இந்த இடத்தில் அவர் செய்த காரியத்தை இன்றைக்குச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். வேலையை ராஜினாமா செய்தார். ஆபீஸ் நேரத்தில் இதைப் பற்றி யோசனை வந்துவிடுகிறது, ஆபீஸ் நேரத்தில் யோசித்தால் அது ஆபீசுக்குச் சொந்தம், சம்பளமும் வாங்கிக்கொண்டு யோசனையையும் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது என்பது அவர் வாதம். இதை மேனேஜரிடமே விளக்கிவிட்டு வந்தார். அக்கா அன்று என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காலை நீட்டவில்லை.

“நல்ல புத்தி இருக்கிற மனுஷன்தாம்மா. எனக்கு மட்டும் ஏன் இப்படி?” என்றார்.

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது, ஒரு பழைய ஸ்கேனர் வந்தது, அக்கா பி.எஃப்பில் கடன் போட்டார், எக்ஸ்சேஞ்சில் மற்றவர்கள் வேண்டாமென்று தள்ளுகிற ஷிப்டையெல்லாம் வாங்கிக்கொண்டார். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே போயிற்று. ஒருநாள் அவர் தலைவரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து ஒரு தாளை மேஜையில் வைத்தார். தலைவருடைய தாய்ப் பத்திரத்தின் நகல். ஓரத்தில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. வடக்கு எல்லை என்று எழுதியிருந்த இடத்தில், கிழிசலை ஒட்டி நின்ற எழுத்துகள்கூட முழுசாக இருந்தன.

தலைவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். “எங்க தாத்தா பேர் கீது சார் இதுல. எனக்கு நெனவு தெரிஞ்சி நான் இதப் படிச்சதில்ல” என்றார்.

அன்று நாங்கள் மூன்று பேருமே சந்தோஷமாக இருந்தோம். அதை மறுக்க மாட்டேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தலைவர் கேட்டார். சங்கத்தின் ஆண்டு விழா வருகிறது, மலர் போடுகிறோம், விளம்பரம் குறைவாக வந்திருக்கிறது, பக்கம் காலியாக இருக்கிறது, நீங்கள் இதைப் பற்றி ஒன்று எழுதிக் கொடுங்கள் சார். எழுதச் சொன்னால் போதாதா? இரண்டு பக்கம் கேட்டதற்கு எட்டுப் பக்கம் எழுதினார். படம் வரைந்து, கணக்கு போட்டு, முதல் படி, அடுத்த படி என்று ஒன்று விடாமல் எழுதினார். அதைக் கம்ப்யூட்டரில் தட்டெழுதிப் பக்கம் கட்டியது நான்தான். தட்டும்போது எனக்கே என்னவோ போல் இருந்தது. கடைக்காரி புத்தி அப்படி.

“சார், எல்லாத்தையும் புட்டுப் புட்டு வெச்சிட்டீங்களே. யாராவது எடுத்துக்கிட்டா?”

“எடுத்துக்கட்டுமேம்மா. பேரு என்னுதுதானே போட்டிருக்கு? மறைச்சு வெச்சாத்தான் அது யாருதுன்னு சந்தேகம் வரும். அச்சுல வந்துட்டா இது என்னுதுன்னு ஊருக்கே தெரியும்.”

“கொஞ்சமாவது விட்டுவெச்சு எழுதுங்க சார்.”

“பாதி எழுதினா படிக்கிறவனுக்கு எப்படிப் புரியும்?”

ஆண்டு விழாவில் அதை மேடையில் வாசிக்கவும் வாசித்தார். மாறுவேடப் போட்டிக்கும் குலுக்கல் பரிசுக்கும் நடுவே. முருகன் வேஷம் போட்ட குழந்தை ஒன்று தூக்கத்தில் அழுதது. குக்கர் யாருக்கு விழப்போகிறது என்று ஜனம் காத்திருந்தது. அவர் பிஸ்கட்டைக் கடித்துக் காட்டியபோது மட்டும் கைதட்டினார்கள். விழா முடிந்ததும் மீந்த மலர்களை வாங்கிக்கொண்டு போய் அறிந்தவர் தெரிந்தவருக்கெல்லாம் கொடுத்தார்.

பட்டணத்தில் ஒரு கம்பெனிக்காரர் அவருடைய நகலைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டனுப்பினார். நன்றாக இருக்கிறது, எங்கள் மெஷினோடு சேர்த்து விற்கலாம், உங்களிடம் பேட்டன்ட் இருக்கிறதா, இருந்தால் உட்கார்ந்து பேசலாம் என்றார். பேட்டன்ட் என்றால் இதை முதலில் கண்டுபிடித்தவர் நீங்கள், உங்களைக் கேட்காமல் வேறு யாரும் செய்யக்கூடாது என்று சர்க்கார் எழுதிக் கொடுப்பது. அது கிடைத்தால் அக்கா பழைய ஷிப்டுக்குத் திரும்பலாம். போன வேலைக்கு ஈடாக ஒரு வாழ்க்கை கிடைக்கும். அதைவிட, இது என்னுடையது என்று சொல்ல அவருக்கு ஒரு காகிதம் கிடைக்கும். அந்தக் காகிதத்துக்குத்தான் அவர் ஏங்கினார் என்று எனக்குத் தெரியும்.

விண்ணப்பத்தை அவரே எழுதினார், யாரிடமும் கேட்கவில்லை. நான்தான் டைப் செய்தேன். கடைசியில், தான் எப்போது கண்டுபிடித்தோம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று, சாட்சிக்கு அந்த ஆண்டு மலரையும் இணைத்தார். தன் கட்டுரை இருக்கும் பக்கத்துக்கு ஒரு மஞ்சள் ரிப்பன் துண்டு வைத்தார். பக்கத்தைத் தேடி அவர்கள் சிரமப்படக்கூடாதாம்.

வெகுநாள் கழித்துப் பதில் வந்தது. இரண்டு ஆட்சேபணை. ஒன்று, இது கம்ப்யூட்டரில் போடும் கணக்கு, கணக்குக்குப் பேட்டன்ட் கிடையாது, இதில் செய்யப்பட்ட பொருள் எங்கே என்பது. இன்னொன்று, நீங்கள் விண்ணப்பிப்பதற்கு முன்பே இது முழுவதுமாக அச்சில் வெளியாகியிருக்கிறது, வெளியானது புதியது ஆகாது, ஆதாரம் நீங்கள் இணைத்த மலரே என்பது.

அப்போதுதான் மயிலாப்பூரில் ஒரு பேட்டன்ட் ஏஜென்டைத் தேடிப் போனோம். அக்கா, அவர், நான். வயதானவர், பொறுமையாகப் படித்தார். மலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத யார் வெக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல சார். நானேதான் வெச்சேன்.”

“உங்களுக்கு எதிரின்னு வெளியில ஒருத்தரும் வேண்டாம்” என்றார் ஏஜென்ட். கிண்டலாகச் சொல்லவில்லை.

முதல் ஆட்சேபணையைச் சமாளிக்கலாம் என்றார். வெறும் கணக்காகச் சொல்லாமல், ஸ்கேனருக்குள் இந்த வழியைப் பொருத்திய ஒரு கருவியாக மாற்றி எழுதலாம். இரண்டாவதுதான் கழுத்தைப் பிடிக்கிறது. ஆனால் சட்டத்தில் ஒரே ஒரு சந்து இருக்கிறது. கண்டுபிடித்தவர் தன் கண்டுபிடிப்பைக் கற்றறிந்தோர் சங்கம் ஒன்றில் கட்டுரையாக வாசித்து, அந்தச் சங்கமே அதை வெளியிட்டு, சட்டம் சொல்லும் கெடுவுக்குள் விண்ணப்பமும் போட்டிருந்தால், அந்த வெளியீட்டைக் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாசித்திருக்கிறீர்கள், சங்கம் வெளியிட்டிருக்கிறது, கெடுவும் தாண்டவில்லை. இனி உங்கள் சங்கம் கற்றறிந்தோர் சங்கம் என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் அந்தச் சட்டப் பிரிவின் நியாயத்தை எங்களுக்கு விளக்கிக்கொண்டே வந்தார்.

சங்கக் கூட்டம் தலைவரின் மனை ஆபீஸ் வாசலில் நடந்தது. சாக்கடை அடைப்பு, லாரித் தண்ணீர், நாய்த் தொல்லை, அதற்குப் பிறகு இது. அவர் எழுந்து எல்லாவற்றையும் விளக்கினார். தலைவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“சார், நாம கொசு மருந்து அடிக்கிற சங்கம் சார். கற்றறிந்தோர்னா இன்னா சார் பண்றது? நான் எட்டாங்கிளாஸ்.”

“ஒரு தீர்மானம் போட்டா போதும்னு ஏஜென்ட் சொல்றார்.”

“தப்பா பூடாதே?”

அக்கா கடைசி நாற்காலியில் யூனிஃபார்ம் மாதிரி எப்போதும் கட்டுகிற அதே நீலப் புடவையில் உட்கார்ந்திருந்தார். தலைவர் அவரைப் பார்த்தார். பிறகு பேனாவைக் கேட்டார்.

“என் தாத்தா பேர எனக்குக் காட்டனவர் சார் இவரு. போடறேன். ஆனா பேருக்குப் போடக் கூடாது. மாசம் ஒரு சொற்பொழிவு வெப்போம். அப்பறம் எவன் கேக்கறான்னு பாப்போம்.”

ஒரு சொற்பொழிவு நடக்கவும் நடந்தது. அன்று கரண்ட் போய்விட்டது. வந்திருந்தவர்கள் சங்கத்து வாட்ச்மேனும் பக்கத்து மனைக்கு விலை கேட்க வந்த ஒரு குடும்பமும்தான். அவர் இருட்டில் நின்று முழுசாகப் பேசி முடித்தார்.

விசாரணை நாளன்று தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். தலைவர் தீர்மானத்தைக் கையில் வைத்திருந்தார். ஏஜென்ட் பேட்டன்ட் ஆபீஸ் வாசலிலேயே எங்களை நிறுத்தி, விளக்கம் சாருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார். “முதல் விஷயத்துல அவங்க எறங்கி வந்துட்டாங்க. ரெண்டாவதுல ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. ஆமான்னு ஒரு வார்த்தை. அதுக்கு மேல வேண்டாம். மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

“சரி சார்” என்றார்.

அதிகாரி இளவயசுக்காரர், நல்ல மாதிரி. அந்தக் கருவியைப் பற்றிச் சில கேள்விகள் கேட்டார், பதில்களைக் கேட்டுத் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். பிஸ்கட் உதாரணத்துக்குச் சிரித்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பி லேசாகக் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அதிகாரி தீர்மானத்தை எடுத்தார்.

“உங்க நலச் சங்கம் ஒரு கற்றறிந்தோர் சங்கம்னு சொல்லியிருக்கீங்க. கரெக்டுங்களா சார்?”

ஏஜென்ட் அவரைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்தார், மூடினார். அவர் கை மேஜை மேல் நகர்ந்தது. எதிரே அதிகாரியின் முழங்கை எட்டவில்லை.

“ஆமான்னு சொன்னா பாதிதான் சொன்ன மாதிரி ஆயிடும் சார். முழுசா சொல்லிடறேன்.”

சொன்னார். கொசு மருந்து, சாக்கடை, லாரித் தண்ணீர், தெருவிளக்கு. கட்டுரையை எந்த நிகழ்ச்சிக்கும் எந்த நிகழ்ச்சிக்கும் நடுவில் வாசித்தார் என்பது. தீர்மானம் எப்போது, எதற்காகப் போட்டது என்பது. தலைவர் மனசு நல்லது, அவர் மேல் தப்பில்லை என்பது. சொற்பொழிவுக்கு யார் வந்தார்கள் என்பது. தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏஜென்ட் நடுவில் இரண்டு முறை “சார்” என்று தடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அதிகாரி இன்னொரு வாசலைத் திறந்துவிட்டார். அவ்வளவு இரக்கம் அவருக்கு இருந்தது. “அதெல்லாம் இருக்கட்டும் சார். சங்கம் எழுதிக் குடுத்திருக்கு, நான் அதை எடுத்துக்கலாம். நீங்க அதை ஒத்துக்கறீங்களா, இல்லையா? அது மட்டும் சொல்லுங்க.”

“இல்ல சார்” என்றார் அவர். “ஊருக்கே சொல்லியாச்சு, அப்புறம் அது எப்படிப் புதுசு? நீங்க எழுதின ஆட்சேபணை சரியானது. அந்தச் சட்டம் அப்படி இருக்கறதுக்கு நியாயம் இருக்கு.” அந்த நியாயம் என்னவென்றும் விளக்கினார். நன்றாகவே விளக்கினார். எனக்கே அன்றுதான் தெளிவாகப் புரிந்தது.

அந்த அறையில் அவர் தவிர எல்லாரும் அவருக்கு அது கிடைக்க வேண்டும் என்று விரும்பினோம். இதை நினைக்கும்போதுதான் எனக்கு அந்தக் கோபம் வருகிறது.

திரும்பும்போது ரயில் ஏறியதும் தலைவர் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். பல்லாவரம் தாண்டியதும் அக்கா கேட்டார்.

“எனக்காக ஒரே ஒரு தடவ பொய் சொல்லியிருக்கக் கூடாதா?”

அவர் அக்கா பக்கம் திரும்பினார். முழங்கையைப் பிடிக்கக் கை வந்தது. “அது என்னன்னா...”

“வேண்டாம். எனக்கு விளக்காதீங்க” என்றார் அக்கா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

கை திரும்பிப் போய் அவர் மடியில் விழுந்தது. சானடோரியத்தில் கூட்டம் ஏறியது. தாம்பரத்தில் நாங்கள் எல்லாரும் இறங்கிய பிறகும் அவர் உட்கார்ந்தே இருந்தார். தலைவர்தான் போய் அழைத்து வந்தார்.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. ஒரு நாளில் நின்றுவிட்டதா, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததா என்று எனக்குத் தெரியாது. கவனித்தபோது நின்றிருந்தது. பஸ் ஸ்டாப்பில் யாராவது வாயைக் கொடுத்தால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். பழைய கம்பெனியில் அவர் இடத்துக்கு ஆள் வந்துவிட்டிருந்தது. தலைவர் தன்னோடு சேர்த்துக்கொண்டார். வண்டலூர்ப் பக்கம் புதிதாக மனை போட்டிருந்தார்கள், வாங்க வருகிறவர்களை வேனில் கூட்டிப்போய்க் காட்டுகிற வேலை. “நீங்க சும்மா கூட நில்லுங்க சார், பேசறத நான் பேசிக்கறேன்” என்று தலைவர் சொல்லியிருந்தார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். மழைக்கு அங்கே தண்ணீர் நிற்கும் என்பது விளக்கம் சாருக்குத் தெரியும். அவர் கையில் வரைபடத்தோடு வெயிலில் சும்மா நின்றார்.

அக்கா பழைய ஷிப்டுக்குத் திரும்பவே இல்லை. கடைக்கு வந்தால் கேட்பேன், வீட்டில் எப்படி இருக்கிறார் என்று. “அமைதியா இருக்காரும்மா” என்பார். ஒருமுறை அதைச் சொல்லிவிட்டு என் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பேசச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாராம். என்னதான் கேட்டாலும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தையாம்.

அடுத்த ஆண்டு மலருக்கு அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்று தலைவர் என்னிடம் சொன்னார். அந்தப் பக்கங்களில் மனை விளம்பரம் போட்டோம்.

சில வருஷம் போயிற்று. என் பழைய மெஷின் தேய்ந்துவிட்டது. புது மாடல் ஒன்றைக் காட்டுவதற்கு ஒரு சேல்ஸ்மேன் டெமோ மெஷினையே கடைக்குக் கொண்டுவந்தான். அன்று அவரும் வந்திருந்தார், வண்டலூர் மனை வரைபடம் நகல் எடுக்க. சேல்ஸ்மேன் ஒரு கிழிந்த பத்திரம் இருந்தால் கொடுங்கள் என்றான். யாருடையதோ ஒன்றைக் கொடுத்தேன். மெஷினுக்குள் வைத்து ஒரு பட்டனை அழுத்தினான். வெளியே வந்த தாளில் ஓரம் வெள்ளை வெளேரென்று இருந்தது. கிழிசலை ஒட்டிய எழுத்துகள் அப்படியே இருந்தன.

திருடிவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கோ யாரோ அவர்களாகவே யோசித்திருக்கலாம். அப்படி இருந்தால் மட்டும் என்ன ஆறுதல்?

“உள்ள ஒரு கேமரா மாதிரி இருக்கும்மா, அது கிழிஞ்ச எடத்தத் தேடித் தேடிப் பாத்து அழிச்சிடும்” என்றான் சேல்ஸ்மேன். தலைகீழாகச் சொல்கிறான் என்று எனக்கே தெரிந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் அந்தத் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, இடது ஓரத்தில் மேலிருந்து கீழே விரலால் ஒரு கோடு இழுத்தார். வரிகள் ஆரம்பிக்கும் இடம் அது. சொல்லுங்கள் சார், இதையாவது சொல்லிவிடுங்கள் என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது.

சேல்ஸ்மேன் அதைக் கவனித்துவிட்டான். “சார் கம்ப்யூட்டர் லைன்ல இருந்தவரோ? ஆர்வமா பாக்கறீங்களே.”

“இல்லீங்க. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது” என்றார்.

குரல் பிசகவில்லை. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அக்காவுக்காக ஒரே ஒரு தடவை வராத பொய் இப்போது எத்தனை சுலபமாக வந்தது. தாளை மேஜையில் வைத்து, வண்டலூர் வரைபட நகல்களைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாலையைக் கடந்து போனார்.

“ஆர்டர் எழுதிக்கட்டுமாம்மா?” என்றான் சேல்ஸ்மேன்.

எழுதிக்கொள்ளச் சொன்னேன். கடை நடக்க வேண்டுமே.